சூலை காட்டிய நெறி

துன்பம் எல்லார்க்கும் பொது. வந்த துன்பத்தால் உள்ளங் கசந்து போவாரும் உளர். அதனையே படியாகக் கொண்டு மேலேறுவாரும் உளர். பின்னவருள் தலையாயவர், கி. பி. 7 ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த திருநாவுக்கரசு நாயனார். அவர் வரலாற்றை 12 ஆம் நூற்றாண்டிலே சேக்கிழார் விரித்துரைத்தனர். நீற்றறையையும் கடலில் மிதந்த கல்லையும் நினைவிற் கொண்ட நம்மிற் பலர், அவற்றுக்கு முன்னர் அவர்தம் இல்லத்தில் நிகழ்ந்தவற்றை மறந்து விடுகின்றோம்.

திருமுனைப்பாடி நாட்டுத் திருவாமூரிலே, வேளாண் குடியினராகிய புகழனாருக்கும் மாதினியாருக்கும் மக்கள் இருவர். மூத்தவர் திலகவதியார், இளையவர் மருணீக்கியார். திலகவதியாரைக் கலிப்பகையார் என்னும் படைத்தலைவருக்கு மணம் பேசியிருந்தனர். அவர் அரசன் ஏவலாற் போர்மேற் சென்றிருந்த காலத்தில், புகழனார் நோயுற்று இறந்தார். மாதினியாரும் உடன் உயிர் துறந்தார். அத்துயர் ஆறுமுன்னரே கலிப்பகையார் களத்தில் வீழ்ந்த செய்தி வந்தது. அவர்க்கென்று பேசப்பட்ட தம் உயிரையும் அவரோடு இசைவிக்க அம்மையார் துணிந்தனர். தம்பியாரோ தமக்கையின் அடிகளில் வீழ்ந்து, அவர் செல்வாராயின் தாம் அவர்க்கு முன்னே செல்வதாகக் கூறிக் கதறினார். தம்பி வாழ வேண்டுமென்னும் அருளொன்றே அம்மையாரை இவ்வுலகில் நிறுத்தியது. பின்னாளிற் சைவவுலகம் பெற்ற பேறனைத்துக்கும் வித்து, அந்த ஒரு முடிபேயாம்.

செல்வமும் சுற்றமும் நிலையாமையைக் கண்கூடாகக் கண்ட மருணீக்கியார், அறச்சாலையும் தண்ணீர்ப்பந்தரும் அமைத்துப் பொருளை வாரி வழங்கினார். அதனாலும் நெஞ்சம் அமைதியுறவில்லை. மெய்ந்நெறி யாதென ஆராயப் புகுந்தவர், பாடலிபுத்திரத்துச் சமணப் பள்ளியை அடைந்து, அவர்தம் நூல்களிலே துறைபோகி, தருமசேனர் என்னும் பெயர் பெற்றுத் தலைமையும் எய்தினார். அக்காலச் சமணர் துறவாலும் கல்வியாலும் சிறந்தவர். தமிழுக்குச் சமணர் ஆற்றிய பணியும் பெரிது. ஆதலின் நாயனார் அங்குச் சென்றதை வெறும் மயக்கமென்று தள்ளுதல் தகாது. அது தேடுகின்ற உள்ளத்தின் ஒரு நிலை.

தம்பியார் புகழோடு விளங்கிய அக்காலத்தில், தமக்கையார் திருவதிகை வீரட்டானத்திலே அலகிட்டும், மெழுகியும், மாலை தொடுத்தும் வாழ்ந்தனர். தம்பியாரை இடித்துரைக்கவும் இல்லை; மறக்கவும் இல்லை. இறைவனிடம் முறையிட்டுக் காத்திருந்தனர்.

ஒருநாள் தருமசேனரைக் கொடிய சூலை பற்றியது. கற்ற மந்திரங்களும், உடனிருந்தோர் முயற்சிகளும் பயன்படாது போயின. அந்நிலையில் அவர் நினைந்தது தமக்கையாரையே. சமையற்காரனை அனுப்பினார், அம்மையார் அப்பள்ளிக்கு வர உடன்பட்டிலர். இரவோடிரவாகத் தாமே அதிகைக்கு நடந்தார். தலைமையும் பட்டமும் பின்னே கிடந்தன. நோயுற்ற தம்பி மட்டுமே தமக்கையின் வாயிலில் நின்றார். அம்மையார் திருநீறளித்துத் திருக்கோயிலுள் அழைத்துச் சென்றனர். ஆங்கே முதற் பதிகம் பிறந்தது, சூலையும் அகன்றது.

பின்னர் வந்த இடர்கள் முன்னையவற்றினும் பெரியன. நீற்றறை, நஞ்சு, யானை, கல் என்னும் நான்கினும் நாயனார் கலங்கினாரல்லர் என்பர் சேக்கிழார். அவரை ஒறுத்த பல்லவ மன்னனை முதலாம் மகேந்திரவர்மன் என ஆராய்ச்சியாளர் பலர் கொள்வர். அம்மன்னன் வேற்று நெறியினின்று மீண்டு இலிங்க வழிபாட்டை மேற்கொண்டமையைத் திருச்சிராப்பள்ளிக் குகைக்கோயிற் கல்வெட்டும் குறிக்கின்றது.

எனினும் நாயனாரின் வளர்ச்சியை அவர் வென்ற இடர்களிற் காண்பதினும், அதன்பின் அவர் வாழ்ந்த வாழ்விற் காண்பதே சிறப்பு. திங்களூரிலே அப்பூதியடிகள், தாம் கண்டிராத நாவுக்கரசரின் பெயரால் தண்ணீர்ப்பந்தர் நிறுவியிருந்தார். அவர் முன் நின்று தம்மை அறிவிக்க நேர்ந்தபோது, நாயனார் தம் பெயரையோ, மன்னனை வென்ற வெற்றியையோ கூறினாரல்லர். புறச்சமயத்தினின்று சூலையால் மீட்கப்பட்டுய்ந்த சிறியேன் என்பதே அவர் கருத்து. பிறர் மறைக்க விரும்பும் நோயையே தமக்கு அடையாளமாகக் கொண்டார். திருப்பூந்துருத்தியிலே, வயதால் மிக இளையவராகிய சம்பந்தர் ஊர்ந்து வந்த சிவிகையை ஒருவருமறியாது தாமும் தாங்கினார். முதுமையிலும் கையில் உழவாரம் ஏந்தித் திருக்கோயில் முற்றங்களிற் புல் செதுக்கினார். ஒருகாலத்து வாதங்களில் வென்ற புலமை, இறுதியிற் கைத்தொண்டாகக் கனிந்தது. 81 ஆண்டுகள் வாழ்ந்து, சித்திரைச் சதயத்திலே திருப்புகலூரில் இறைவனடி சேர்ந்தார் என்பது மரபு.

அவர் பாடியன நான்காம், ஐந்தாம், ஆறாம் திருமுறைகளாய் நின்று நிலவுகின்றன. அவற்றை ஓதுந்தோறும் அதிகையில் அலகேந்தி நின்ற அம்மையாரையும் நாம் நினைதல் வேண்டும். நம் வீட்டிலும் வகுப்பிலும் நெறி தேடி அலையும் இளையோர் உளர். அவர் திரும்பி வரும் இரவிலே திறந்திருக்கும் வாயில் ஒன்று வேண்டும். அதனைத் திறந்து வைத்துக் காத்திருத்தல் மூத்தோர் கடனாகும்.