இந்தியாவை நாடிப் புறப்பட்ட மேல்நாட்டு ஞானி

மெய்ப்பொருளை நேரே கண்டுணர வேண்டும் என்னும் வேட்கை ஒரு நாட்டார்க்கே உரிய தனிச்சொத்தன்று. நம் நாட்டு ஞானியரின் நெறியைக் கற்கும் ஆவலால் அரசன் ஒருவனின் படையோடு புறப்பட்டு, பாதி வழியில் உயிர் தப்பி மீண்ட தத்துவ அறிஞர் ஒருவர் கி.பி. மூன்றாம் நூற்றாண்டில் வாழ்ந்தார். அவரே பிளோட்டினஸ்.

அவர் 204 அல்லது 205-இல் பிறந்தவர். எகிப்து நாட்டின் லைக்கோபாலிஸ் அவரது ஊர் என்று பிற்கால நூலொன்று கூறும். அவரோ தம் ஊரையும் பெற்றோரையும் பற்றி வாய் திறந்ததேயில்லை. ஆன்மா உடலுக்குள் அடைபட்டிருப்பதையே நாணத்தக்கதாக எண்ணியவர் அவர். தம் பிறந்தநாளை எவர்க்கும் அறிவியாமல் மறைத்தார். ஆயினும் சாக்ரடீஸ், பிளேட்டோ ஆகியோரின் பிறந்தநாள்களில் நண்பர்களுக்கு விருந்தளித்தார். ஓவியர் முன் அமரவும் அவர் இசையவில்லை. உடலே ஒரு நிழலாயிருக்க, அந்நிழலுக்கும் ஒரு நிழல் வேண்டுமோ என்பது அவர் கருத்து. அன்புமிக்க மாணவர் அமீலியஸ் ஓவியர் ஒருவரை வகுப்புக்கு அழைத்து வந்து அமரச்செய்து, ஆசிரியர் அறியாமலே படம் எழுதுவித்தார்.

இருபத்தெட்டாம் வயதில் அவருக்குத் தத்துவ வேட்கை பிறந்தது. அப்போது அவர் இருந்த அலெக்சாந்திரியா, கீழ்த்திசைக்கும் மேல்த்திசைக்கும் இடையே அமைந்த பெருவாயில். சேரநாட்டு முசிறியில் ஏற்றிய மிளகு செங்கடல் வழியாக அந்நகரை அடைந்து உரோமாபுரிக்குச் சென்றது. அங்கே புகழ்பெற்ற ஆசிரியர் பலரிடம் பாடம் கேட்டும் பிளோட்டினஸின் உள்ளம் நிறையவில்லை. ஒவ்வொரு வகுப்பினின்றும் முகம் வாடியே திரும்பினார். நண்பர் ஒருவர் அவரை அம்மோனியஸ் சக்காஸ் என்பாரிடம் அழைத்துச் சென்றார். மூட்டை சுமந்து பிழைத்தவர் என்று மரபு கூறும் இந்த ஆசான், தம் பெயரில் ஒரு நூலும் விட்டுச் செல்லாதவர். முதல்நாள் பாடத்திலேயே தாம் தேடியவர் இவரே எனத் தெளிந்த பிளோட்டினஸ், பதினோராண்டுகள் அவரடியில் இருந்தார்.

அதன்பின்னரே பாரசீகத்தாரும் இந்தியரும் கண்ட தத்துவத்தை நேரில் அறியும் ஆசை அவரைப் பற்றியது. 243-ஆம் ஆண்டில், உரோமப் பேரரசன் மூன்றாம் கோர்டியன் பாரசீகத்தின்மீது நடத்திய படையெடுப்பில், முப்பத்தொன்பது வயதினரான அவரும் உடன் சென்றார். அடுத்த ஆண்டே அரசன் மெசொப்பொத்தாமியாவில் மாண்டான். பிளோட்டினஸ் அரும்பாடுபட்டு அந்தியோக்கியாவுக்குத் தப்பி வந்தார். அங்கிருந்து உரோமாபுரி சேர்ந்து இறுதிவரை அதனையே இருப்பிடமாகக் கொண்டார். அவர் இந்தியாவைக் காணவேயில்லை.

உபநிடதக் கருத்துகள் அவர் நூல்களில் கலந்துள்ளனவா என்பது ஆராய்ச்சியாளரிடையே நெடிய வழக்கு. பிரெஞ்சு அறிஞர் எமீல் பிரேயே அவ்வாறு கருதினார். ஆம்ஸ்ட்ராங் என்னும் ஆங்கில அறிஞர் அதனை மறுத்தார். கடன் வாங்கினார் என்று துணிந்து கூறச் சான்று இல்லை. ஆயினும் ஒப்புமை வியப்பூட்டுவது. சொல்லுக்கும் எண்ணத்துக்கும் எட்டாத ஒருபொருள். அதனின்று, ஞாயிற்றினின்று ஒளி பெருகுவதுபோல், அறிவும் ஆன்மாவும் உலகும் தோன்றுதல். தன் பிறப்பிடத்தை மறந்த ஆன்மா புறத்தே அலைவதை விட்டு உள்முகமாய்த் திரும்பி அப்பொருளோடு ஒன்றாதல் - இவையே அவர் போதனையின் சாரம். அப்பொருளை இன்னதன்று, இன்னதன்று என விலக்கியே அவர் சுட்டுவது, நேதி நேதி என்னும் மறைமொழியைக் கேட்ட செவிக்குப் புதிதாகாது.

இங்ஙனம் உள்முகமாய் நின்றவர் உலகக் கடமையை உதறினாரல்லர். உயர்குடியினர் பலர் மரணத் தறுவாயில் தம் மக்களையும் செல்வத்தையும் அவர் காவலில் ஒப்படைத்தனர். அவர் தங்கியிருந்த இல்லம் சிறுவர் சிறுமியரால் நிறைந்திருந்தது. அப்பிள்ளைகள் தத்துவ நெறியைத் தாமே மேற்கொள்ளும் வரையில் அவர்தம் பொருள் குறையாதிருக்க வேண்டுமென்று வரவு செலவுக் கணக்கைப் பொறுமையோடு சரிபார்த்தார். ஊனுணவை அறவே விலக்கினார். கண்பார்வை குன்றியிருந்தமையால் எழுதியதை மீண்டும் படித்ததில்லை. சீடர் போர்பிரி, ஆன்மா உடலோடு எவ்வாறு இயைந்துள்ளது என்று மூன்று நாள் இடைவிடாது வினவியபோதும் சலியாமல் விடையிறுத்தார். அதே போர்பிரி பின்னர் மனச்சோர்வால் உயிர்விட எண்ணியபோது, சொல்லாமலே அதனை உணர்ந்து எதிரே வந்து நின்றார்; அது அறிவின் முடிவன்று, உடல்நோயின் விளைவு என்று தேற்றிப் பயணம் போகச் செய்தார். போர்பிரி சிசிலித் தீவுக்குச் சென்று பிழைத்தார்.

திருவிழா நாள்களில் கோயில்தோறும் சென்றுவந்த அமீலியஸ் அவரையும் ஒருமுறை அழைத்தார். தாம் தெய்வங்களிடம் செல்வதன்று, அவையே தம்மிடம் வரவேண்டும் என்ற பொருள்பட அவர் விடையளித்தார். அதன் உட்கருத்தைக் கேட்கச் சீடர்கள் துணியவில்லை. இதைக்கொண்டு அவர் ஆலய வழிபாட்டை இகழ்ந்தார் எனச் சிலர் முடிவு செய்வது அவசரம். எங்கும் நிறைந்த பேருயிரைத் தம்மிடையே எழுந்தருளச் செய்ய விரும்பியே பண்டை ஞானியர் திருக்கோயிலையும் திருவுருவையும் அமைத்தனர் என்றும், கண்ணாடி உருவை ஏற்பதுபோல், ஏற்றவாறு அமைந்த பொருள் அதனை எளிதில் ஏற்கும் என்றும் அவரே எழுதியுள்ளார். பிரதிஷ்டையின் தத்துவத்தை ஆகமம் அறியாத ஒருவர் இவ்வளவு நெருங்கி உணர்ந்தது எண்ணற்குரியது.

போர்பிரி உடனிருந்த ஆறாண்டுகளில் நான்கு முறை பிளோட்டினஸ் அப்பரம்பொருளோடு ஒன்றி நின்றார் என்று அச்சீடரே எழுதி வைத்தார்.

இறுதி நாள்களில் கொடிய நோய் கைகால்களைப் புண்ணாக்கியது, குரல் கம்மியது. காண்பவரையெல்லாம் தழுவி வரவேற்கும் வழக்கமுடைய அவரை நண்பர்கள் அணுகத் தயங்கினர். காம்பானியா நாட்டில், மறைந்த நண்பர் ஒருவரின் பண்ணையில் தனித்துக் கிடந்தார். மருத்துவர் யூஸ்டோக்கியஸ் தாமதித்தே வந்தார். அவருக்காகவே காத்திருந்ததாகக் கூறி, தம்முள் இருக்கும் தெய்வத்தை அனைத்திலுமுள்ள தெய்வத்தோடு சேர்க்க முயல்வதாகக் குறிப்பிட்டு, 270-ஆம் ஆண்டில், அறுபத்தாறாம் வயதில் உடல் நீத்தார். அவ்வேளை கட்டிலின் கீழிருந்து ஒரு பாம்பு ஊர்ந்து சுவரின் துளையுள் மறைந்ததாக வரலாறு கூறும்.

அவர் எழுதிய 54 கட்டுரைகளை, ஒன்பது ஒன்பதாக ஆறு தொகுதிகளாக்கிப் போர்பிரி பின்னர் வெளியிட்டார். ஆசிரியர் நான்கு முறை எய்திய அந்நிலையைத் தாம் ஒரே ஒருமுறை, தமது அறுபத்தெட்டாம் வயதில் எய்தியதாக அந்நூலின் முன்னுரையில் அவர் குறித்துள்ளார்.