முதற் பராந்தக சோழன்

அரசன் ஒருவனது பெருமையை அவன் வென்ற நாடுகளைக்கொண்டு அளப்பது உலக வழக்கு. அவன் காலத்துச் சிற்றூரார் தம் பொதுப்பொருளை எங்ஙனம் காத்தனர் என்பதைக்கொண்டு அளத்தல் அதனினும் சிறந்த முறை என்பது எமது துணிபு. பட்டுநெசவாலும் கோயில்களாலும் புகழ்பெற்ற காஞ்சிமாநகரினின்று தெற்கு நோக்கிச் செல்வோர் உத்தரமேரூரை அடைவர். ஆண்டு வைகுந்தப் பெருமாள் கோயிற் சுவரிற் பொறிக்கப்பெற்றுள்ள இரண்டு சாசனங்கள், முதற் பராந்தகனது வாழ்வை அவன் போர்களினும் தெளிவாக எமக்கு உணர்த்துகின்றன.

விசயாலயனுக்குப் பேரனும் முதல் ஆதித்தனுக்கு மைந்தனுமாகிய பராந்தகன் கி.பி. 907-இல் அரியணை ஏறினான். தந்தை பல்லவன் அபராசிதனை வென்று தொண்டைநாட்டைச் சோழர்க்கு உரியதாக்கியிருந்தான். மைந்தனோ தெற்கே பாண்டியன் இராசசிம்மனை வென்று, மதுரைகொண்டான் என்னும் பட்டம் புனைந்தான். பாண்டியனுக்குத் துணையாக வந்த ஈழப்படையும் வெள்ளூரில் தோற்றது. நாடிழந்த பாண்டியன் தன் முடியை இலங்கையில் அடைக்கலமாக வைத்துவிட்டுச் சேரநாடு புகுந்தான். அம்முடியைக் கவரப் பராந்தகன் பின்னர் ஈழத்திற்குப் படை விடுத்தும் அது அவன் கைக்கு எட்டவில்லை. வடக்கே வாணரும் வைதும்பரும் அவனுக்கு அடங்கினர். தில்லைச் சிற்றம்பலத்திற்கு அவன் பொன் வேய்ந்தான். வீரநாராயணன் என்னும் அவனது சிறப்புப்பெயரை வீராணம் ஏரி இன்றும் தாங்கி நிற்கின்றது.

இப்போர்களுக்கிடையே, அவனது பன்னிரண்டாம் ஆட்சியாண்டாகிய 919-இலும், பதினான்காம் ஆண்டாகிய 921-இலும், அரசாணை தாங்கிய அதிகாரி ஒருவர் உடனிருக்க, உத்தரமேரூர்ச் சபையார் கூடி வாரியங்களுக்கு உறுப்பினரைத் தேரும் முறையை வகுத்தனர். முதல் ஏற்பாட்டிற் கண்ட குறைகளை இரண்டே ஆண்டுகளில் திருத்திக்கொண்ட அவர்தம் விழிப்பு போற்றத்தக்கது. ஊர் முப்பது குடும்புகளாகப் பிரிக்கப்பெற்றது. கால் வேலிக்கு மேற்பட்ட இறைநிலமும், தன் மனையிற் கட்டிய வீடும், வேதக்கல்வியும், முப்பத்தைந்திற்கு மேல் எழுபதிற்குட்பட்ட அகவையும் உடையார் பெயர்களே ஓலையில் எழுதப்பெற்றன. ஓலைகள் குடத்துள் இடப்பெற்றபின், ஏதுமறியாச் சிறுவன் ஒருவன் ஒன்றை எடுப்பான். அதனை ஐந்து விரலும் விரிய உள்ளங்கையில் ஏற்று மத்தியஸ்தன் யாவரும் கேட்க வாசிப்பான். இவ்வாறு ஆட்டை வாரியம், தோட்ட வாரியம், ஏரி வாரியம் முதலியன அமைந்தன. பதவி முந்நூற்றறுபது நாளே. முந்திய மூன்றாண்டுகளுள் வாரியஞ் செய்தவர்க்கு அப்பொழுது இடமில்லை.

எவர் பெயர் குடத்துள் இடப்படலாகாது என்பதே எம் சிந்தையை மிக ஈர்ப்பது. வாரியத்திலிருந்து கணக்குக் காட்டாதவன் விலக்கப்பட்டான். அவனுடன் அவன் தந்தை, மகன், உடன்பிறந்தான், மாமனார், மருமகன், மைத்துனன், சிறிய தாய் பெரிய தாய் மக்கள் எனச் சுற்றம் முழுவதும் விலக்கப்பட்டது. பெரும்பாதகஞ் செய்தார்க்கும் அவர் உறவினர்க்கும் அதுவே விதி. பிறர் பொருளைக் கவர்ந்தவனும் விலக்குண்டான். தீயோருடன் கூடியதால் ஒதுக்கப்பட்டவன் மட்டும் கழுவாய் செய்தபின் மீளலாம். ஊர்க்குத் தீங்கு செய்தவன் முதலிய பிறரோ, கழுவாய் செய்து தூயராயினும் தம் வாழ்நாள் முடியுமளவும் குடவோலைக்கு உரியராகார்.

இவ்விதியின் நோக்கம் விளங்காததன்று. உறவினர் ஒருவர்பின் ஒருவராகப் பதவியேற்பின் ஒருவன் தின்ற பணத்தை மற்றொருவன் மறைப்பான். ஏரியும் தோட்டமும் பொன்னும் யாவர்க்கும் பொதுவாதலின் அவற்றைக் காப்பவன் கை தூய்தாதல் வேண்டும். ஆயினும் இரண்டு குறைகளை யாம் காண்கின்றோம். தமையன் செய்த குற்றத்திற்குத் தம்பி என் செய்வான்? கழுவாய் முடித்தவன் தூயனென்று ஏற்ற பின்னரும் அவனை மரணம்வரை ஒதுக்கின், அக்கழுவாயின் பயன் யாது? மேலும் அக்குடம் அந்தணர் சபைக்கே உரியது. பெண்டிர்க்கும் நிலமற்றார்க்கும் குற்றமின்றியே அது மூடப்பட்டிருந்தது.

இக்கேள்வி பழங்கல்லோடு ஒழியவில்லை. 1951-ஆம் ஆண்டு மக்கள் பிரதிநிதித்துவச் சட்டப்படி, இரண்டாண்டோ அதற்கு மேலோ சிறைத்தண்டனை பெற்றவன் விடுதலைக்குப்பின் ஆறாண்டுவரை தேர்தலில் நிற்றல் இயலாது; அதன்பின் வழி திறக்கின்றது. சுற்றத்தாரை அச்சட்டம் தீண்டுவதில்லை. இவ்விரண்டிலும் அது உத்தரமேரூரினும் மேம்பட்டது. எனினும் சிறையில் அடைபட்டிருப்பவன் வாக்களித்தலாகாது என்பதும் அச்சட்டமே. 1997-இல் உச்சநீதிமன்றமும் இதனை ஏற்றது. குற்றம் மெய்ப்பிக்கப்படாது விசாரணைக்காகக் காத்திருப்பவனுக்கும் இத்தடை உண்டு. தண்டனை பெற்றும் பிணையில் வெளிவந்தவனோ வாக்களிக்கலாம். 2013-இற் செய்த திருத்தத்தால், காவலில் உள்ளவன் வாக்களிக்க இயலாதெனினும் தேர்தலில் நிற்கலாம். பிணைப்பொருள் தேட வகையற்ற ஏழையே இதனால் தன் உரிமையை இழக்கின்றான் அன்றோ? பொதுப்பொருளைக் காக்கும் பதவிக்குக் கடுமையான தகுதி வேண்டுதல் நன்று; தன்னை ஆள்வார் இன்னாரெனக் கூறும் உரிமையை அதே கோலால் அளத்தல் நன்றன்று என்பது எமது முடிபு.

பராந்தகனது இறுதிக்காலம் துயர் மிக்கது. 949-இல் தக்கோலத்தில் இராட்டிரகூட மன்னன் மூன்றாம் கிருட்டிணனோடு நிகழ்ந்த போரில், மூத்த மைந்தன் இராசாதித்தன் யானைமீதிருந்தவாறே உயிர் துறந்தான். காஞ்சியும் தொண்டைநாடும் பகைவர் கைப்பட்டன. வென்ற நாடு குறுகக் கண்டு, ஏறத்தாழ 955-இல் பராந்தகனும் மறைந்தான். அவன் வாளாற் பெற்றவற்றுட் பெரும்பகுதி அவன் கண்முன்னரே அழிந்தது. சிற்றூரார் கல்லில் எழுதிய விதியோ ஓராயிரம் ஆண்டு கடந்து நிற்கின்றது. அக்கல்லை ஆண்டுகள் இரண்டினுள் திருத்தத் துணிந்த அப்பெரியோரின் மனப்பாங்கே நாம் போற்றிக் கைக்கொள்ளத்தக்க செல்வமாம். கணக்குக் காட்டாதானை நாமும் விலக்குவோம். கணக்குத் தீர்த்தானை மீண்டும் ஊரவருள் ஒருவனாக ஏற்போம்.