பேராசிரியர் ழூவோ துப்ரேய்: பதவியின்றிப் பலரை ஒரு பணியில் சேர்த்தவர்

புதுச்சேரிக்குத் தெற்கே, அரியாங்குப்பம் ஆற்றின் கரையில், வீராம்பட்டினம் என்னும் மீனவர் ஊரை ஒட்டி அரிக்கமேடு அமைந்துள்ளது. அருகன்மேடு என்பதே அரிக்கமேடு என மருவிற்று என்பார் உளர். ஆறு அரித்த மேடு என்பார் பிறர். முன்னதை ஏற்க நம் மனம் விரைகின்றது. எனினும் பெயர் ஒன்றையே சான்றாகக் கொண்டு முடிவு கூறுதல் முறையன்று. அம்மேட்டின் சிறப்பை உலகின் கவனத்திற்குக் கொண்டு வந்தவர்களுள் முன்னிற்பவர் பேராசிரியர் காப்ரியேல் ழூவோ துப்ரேய். நம் சித்தன்னவாசல் ஓவியங்களோடும் அவர் பெயர் பிணைந்துள்ளது. ஆதலின் அவர் வரலாற்றை நம் குடும்பத்தினர் அறிந்திருத்தல் நன்று.

1885-இல் பிறந்த இப்பிரெஞ்சு அறிஞர் புதுச்சேரிக் கல்லூரியில் பேராசிரியராகப் பணியாற்றினார். தொல்லியல் துறையில் அவர் பதவி எதனையும் வகித்தவர் அல்லர். அவர் ஆராய விரும்பிய கோயில்களோ பெரும்பாலும் ஆங்கிலேயர் ஆட்சிப் பகுதியில் இருந்தன. அங்கே பிரெஞ்சுக் கல்லூரி ஆசிரியர் ஒருவர் எவரையும் ஆணையிட்டு ஏவ இயலாது. கேட்டுத் தெரிந்துகொள்வதொன்றே அவருக்கிருந்த வழி.

அவ்வழியை அவர் மிக நன்றாகப் பயன்படுத்திக்கொண்டார். கோயிற் பணி செய்யும் சிற்பியரை அணுகி, தூணின் உறுப்புகளையும் விமானத்தின் உறுப்புகளையும் அவர்கள் வழங்கும் பெயராலேயே கேட்டறிந்தார். தூணின்மேல் அமரும் போதிகை, கொடுங்கையில் அமையும் கூடு ஆகியவற்றின் வடிவம் பல்லவர் காலத்திலிருந்து நாயக்கர் காலம் வரை படிப்படியாக எவ்வாறு மாறி வந்தது என வரிசைப்படுத்தினார். கல்வெட்டு இல்லாத கோயிலுக்கும் காலம் கணிக்க இம்முறை உதவிற்று. உளியேந்திய தொழிலாளரைத் தமக்கு ஆசிரியராகக் கொண்ட இப்பேராசிரியரின் நூல் 1914-இல் பாரிசில் வெளிவந்தது. பல்லவர் வரலாறு பற்றிய நூல்களும் அதனைத் தொடர்ந்தன.

புதுக்கோட்டை அரசுக்குட்பட்டிருந்த சித்தன்னவாசல் அறிவர் கோயிலின் ஓவியங்களை அறிஞர் உலகிற்கு எடுத்துரைத்தவர்கள் தொல்லியல் அறிஞர் கோபிநாதராவும் இவருமே. 1920-இல் துப்ரேய் அவற்றைப் பற்றி எழுதினார். சமவசரணத்துத் தாமரைத் தடாகத்தை மகேந்திரவர்மப் பல்லவன் காலத்தது என அவர் கருதினார். பாண்டியன் சீமாறன் சீவல்லபன் காலத்தில், மதுரை ஆசிரியன் இளங்கௌதமன் இக்கோயிலைப் புதுப்பித்த செய்தியைக் கூறும் ஒன்பதாம் நூற்றாண்டுக் கல்வெட்டு பின்னர்க் கிடைத்தமையால் அக்கருத்துத் திருத்தம் பெற்றது. பிழை நேர்ந்தது உண்மையே. ஆயினும் அவ்வோவியங்களைக் காண அறிஞர் பலரை வரச் செய்தது அவர் எழுத்து. 1931-இல் காஞ்சிக் கைலாசநாதர் கோயிலின் பல்லவர் ஓவியங்களையும் அவர் கண்டு வெளிப்படுத்தினார்.

இனி வீராம்பட்டினத்திற்கு வருவோம். இங்கே பழஞ்சுவர்களும் கிணறுகளும் மண்ணுள் இருப்பதை 1769-இல் புதுச்சேரியில் தங்கியிருந்த லெ ஜாந்தீல் என்னும் பிரெஞ்சு வானியலார் எழுதி வைத்தார். ஊர்மக்கள் அதனை அவருக்கு முன்பே அறிந்திருந்தனர் என்பதைச் சொல்லவும் வேண்டுமோ? அச்செய்தி நூலோடு நின்றது. 1937-இல் துப்ரேய், சிறுவர்கள் அம்மேட்டில் பொறுக்கிய மணிகளையும் கற்களையும் விலை கொடுத்து வாங்கினார். தாமும் நிலத்தின்மேற் கிடந்தவற்றைத் திரட்டினார். அவற்றுள் ஒன்று மனிதத் தலை செதுக்கிய சிறு கல். அதனை ரோமப் பேரரசர் அகஸ்டசின் உருவம் என அவர் துணிந்தார். வகுப்பில் பிள்ளைகளின் சட்டைப்பையில் கல்லும் ஓடும் கண்டால் வெளியே எறியச் சொல்வதே என்னைப் போன்ற ஆசிரியைகளின் வழக்கம். இவரோ அவற்றை வாங்கி நோக்கினார்.

அரிக்கமேடு உண்மையான ரோமானிய நகரம் என்று ஆளுநருக்கும் புதுச்சேரி நகரத் தலைவருக்கும் அவர் தெரிவித்தார். நகரம் முழுவதும் ரோமானியருடையது என்பது மிகை. அது நம்மவர் துறைமுகம், அவர்கள் வணிகம் செய்ய வந்தவர்கள். ஆயினும் அவர் கூற்று அதிகாரத்தில் இருந்தோரை அசைத்தது. 1940-ஐ ஒட்டிய ஆண்டுகளில் பாதிரியார் ஃபோஷேயும் சுர்லோ என்பாரும் அங்கே தோண்டலாயினர். கிடைத்தவற்றுட் சில வியட்நாமின் ஹனோய் நகரிலிருந்த பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்திற்கும் அனுப்பப்பட்டன.

பதவியில்லாதவர் பணியின் குறையும் இங்கேதான் வெளிப்படுகின்றது. தோண்டியவர்கள் ஆர்வம் மிக்கவர்கள். தொல்லியற் பயிற்சி பெற்றவர்கள் அல்லர். ஒரு பொருள் எந்த மண்ணடுக்கில், எதனோடு கிடந்தது என்று குறித்து வைக்காமல் எடுத்துவிட்டால், அதன் காலத்தை அறியும் வழி அடைபட்டுவிடும். எடுத்த மண்ணை மீண்டும் அடுக்க இயலாது. துப்ரேய் பலரை அம்மேட்டிற்கு வரச் செய்தார். இம்முறையில்தான் தோண்ட வேண்டும் என்று கட்டளையிடும் உரிமை அவரிடம் இல்லை. சிறுவரிடம் விலைக்கு வாங்கியதும், மேலும் கிளறத் தூண்டியிருக்குமே என்று எனக்குத் தோன்றுகின்றது.

1944-இல் இந்தியத் தொல்லியல் துறையின் தலைமை இயக்குநராக வந்த மார்ட்டிமர் வீலர், சென்னை அருங்காட்சியகத்தில் ரோமானிய மதுச்சாடியின் துண்டொன்றைக் கண்டு, அது கிடைத்த இடம் நாடிப் புதுச்சேரிக்கு வந்தார். பெரும்பதவியாளரான அவருடைய ஆணையும் பிரெஞ்சு மண்ணில் செல்லாது. பிரெஞ்சு அரசின் இசைவும் ஒத்துழைப்பும் பெற்றே 1945-இல் அகழ்ந்தார். இத்தாலியின் அரெசோ நகரத்துச் சிவப்பு மட்கலங்கள் முறைப்படி அடுக்குகளில் கிடைத்தன. அவை கி.பி. முதல் நூற்றாண்டின் முற்பகுதியைச் சார்ந்தவை. அவற்றோடு கிடந்த நம் நாட்டு மட்கலங்களுக்கும் அதனால் காலம் வகுக்க இயன்றது. தென்னாட்டின் பிற இடங்களில் அத்தகைய கலம் கிடைத்தபோதெல்லாம் அதுவே அளவுகோலாயிற்று.

அதே 1945-ஆம் ஆண்டில் துப்ரேய் காலமானார். 1947 முதல் 1950 வரை கசால் என்னும் பிரெஞ்சு அறிஞரும், 1989 முதல் 1992 வரை விமலா பெக்லி அம்மையார் குழுவினரும் அங்கே அகழ்ந்தனர். அம்மேட்டு மட்கல ஓடுகள் சிலவற்றில் தமிழ்ப் பிராமி எழுத்துகள் கீறப்பட்டுள்ளன. சித்தன்னவாசல் ஏழடிப்பட்டத்தில் நம் முனிவர் படுத்த கற்படுக்கையில் வெட்டியிருப்பதும் அதே வகை எழுத்தாகும்.