சிரித்தவர்கள் பொறாமைப்பட்ட கோட்டு!

புதுக்கோட்டைச் சீமையில் வெயிலுக்குக் குறைவில்லை. ஆயினும் மார்கழி விடியலில் பால் கறந்து டவுனுக்குக் கொண்டு போகிறவர்களும், திருச்சி சாலையில் மோட்டார் சைக்கிளில் வேலைக்கு விரைகிறவர்களும் குளிரின் கடுமையை அறிவார்கள். வாடைக் காற்று முதலில் தாக்குவது நெஞ்சைத்தான். பெரியவர்கள் துண்டை மார்பைச் சுற்றிப் போர்த்திக் கொள்வார்கள். இளைஞர்கள் இப்போது கையில்லாத கோட்டு ஒன்றை மாட்டிக் கொள்கிறார்கள். மெத்தையைப் போல உள்ளே பஞ்சோ இறகோ அடைத்து, வரி வரியாகத் தையல் போட்ட கோட்டு அது.

இந்த உடுப்புக்கு ஒரு பாட்டன் உண்டு. 1922-ல் எவரெஸ்ட் மலைக்குப் போன கோட்டு அது. அதைப் போட்டுக் கொண்டு போனவரைக் கூட வந்தவர்களே பார்த்துச் சிரித்தார்கள். அவர் பெயர் ஜார்ஜ் பின்ச். பிற்காலத்தில் நம் நாட்டிலேயே ஒரு பெரிய விஞ்ஞானக் கூடத்துக்குத் தலைவராக இருந்தவர்.

ரசாயனம் படித்த மலையேறி

பின்ச் 1888-ல் ஆஸ்திரேலியாவில் ஆரஞ்சு என்ற ஊரில் பிறந்தார். சிறு வயதிலேயே தாயாருடன் ஐரோப்பா வந்து சேர்ந்தார். சுவிட்சர்லாந்தில் சூரிச் நகரத்தில் ரசாயனம் படித்தார். விடுமுறை வந்தால் போதும். தம்பி மாக்ஸுடன் ஆல்ப்ஸ் மலைக்குக் கிளம்பி விடுவார். பிறகு லண்டன் இம்பீரியல் கல்லூரியில் ஆசிரியரானார்.

எவரெஸ்ட் சிகரத்தை எட்ட பிரிட்டிஷார் முயற்சி தொடங்கிய காலம் அது. 1921-ல் முதல் கோஷ்டிக்குத் தேர்ந்தெடுக்கப்பட்ட பின்ச், வைத்தியப் பரிசோதனைக்குப் பின் நீக்கப்பட்டார். அடுத்த ஆண்டு அழைப்பு வந்தது. ஆனால் கோஷ்டியை நடத்திய லண்டன் பெரிய மனிதர்களுக்கு அவரை அவ்வளவாகப் பிடிக்கவில்லை. ஆஸ்திரேலியாவில் பிறந்து, சூரிச்சில் படித்து, மனத்தில் பட்டதைப் பட்டென்று சொல்லுகிற மனிதர் அவர்!

கோழி கற்றுத் தரும் பாடம்

அந்நாளைய மலையேறிகள் பட்டுச் சட்டை, கம்பளிச் சட்டை, மேலே தடித்த கோட்டு என்று ஒன்றன்மேல் ஒன்றாகப் போட்டுக் கொள்வார்கள். பாரம் ஏறும், குளிர் விடாது. பின்ச் இதை ரசாயன ஆசிரியரின் கண்ணோடு பார்த்தார்.

உஷ்ணம் துணியிலிருந்து வருவதில்லை. அது நம் உடம்பிலேயே பிறக்கிறது. உடை அதை வெளியே ஓடாமல் காக்கிறது. காப்பதற்குச் சிறந்த பொருள் எது? அசையாமல் நிற்கும் காற்று! கோழி தன் குஞ்சுகளை இறக்கைக்குள் அணைத்துக் கொள்கிறதே, அங்கே வேலை செய்வது இறகுகளுக்கு இடையில் சிக்கிய காற்றுத்தான்.

வடகடல் ஓரங்களில் ஈடர் என்ற வாத்து உண்டு. அது தன் மார்பில் உள்ள மெல்லிய தூவியைப் பறித்துக் கூட்டுக்குள் மெத்தையாகப் பரப்பி முட்டைகளைக் காக்கும். பின்ச் அந்தத் தூவியை வாங்கினார். காற்றுப் புகாத பலூன் துணியால் நீளக் கோட்டு ஒன்று தைக்கச் செய்து, அதற்குள் தூவியை அடைத்தார். எடை சொற்பம், பார்வைக்கு மட்டும் உப்பிய தலையணை!

கூட வந்தவர்கள் சிரித்தார்கள். பிராணவாயுக் குப்பிகளைச் சுமந்து மலை ஏறலாம் என்று அவர் சொன்னதையும் பலர் ஏற்கவில்லை.

இரண்டு இரவுகள்

1922 மே மாதம் மல்லோரி, சாமர்வெல், நார்ட்டன், மோர்ஸ்ஹெட் ஆகியோர் முதலில் ஏறினார்கள். அவர்களில் மூவர் ஏறக்குறைய 27,000 அடியை எட்டினார்கள். ஆனால் குளிர் விலை கேட்டது. மோர்ஸ்ஹெட் விரல் நுனிகளை இழந்தார். இவர்களில் சாமர்வெல் தமிழருக்கு அந்நியர் அல்ல. அந்தப் பயணத்துக்குப் பின் நெய்யூர் மிஷன் ஆஸ்பத்திரிக்கு வந்து, நீண்ட காலம் ஏழைகளுக்கு அறுவை சிகிச்சை செய்த டாக்டர் சாமர்வெல்தான் அவர்.

அடுத்து பின்ச் கிளம்பினார். துணைக்கு ஜெப்ரி புரூஸ் என்ற இளம் ராணுவ அதிகாரி. அதற்கு முன் உருப்படியாக மலை ஏறியதே இல்லை. இன்னொருவர் தேஜ்பீர் என்ற கூர்க்கா வீரர். 25,500 அடி உயரத்தில் சின்னஞ்சிறு கூடாரம். இரவு புயல் வந்தது. கூடாரத்தைத் தூக்கி எறிந்து விடுமோ என்று மூவரும் உள்ளே தவித்தார்கள். மறுநாளும் அங்கேயே சிறை. இரண்டாம் இரவு உடல் விறைக்கத் தொடங்கியதும், பின்ச் பிராணவாயுவை அளவாகச் சுவாசிக்கச் செய்தார். உடலில் சூடு திரும்பியது, தூக்கமும் வந்தது.

மே 27 காலை மூவரும் ஏறினார்கள். தேஜ்பீர் வழியில் சோர்ந்து திரும்பினார். மற்ற இருவரும் சுமார் 27,300 அடியை எட்டினார்கள். அதுவரை மனிதன் ஏறிய மிக அதிக உயரம் அதுதான்! அங்கே புரூஸின் பிராணவாயுக் கருவி பழுதாயிற்று. பின்ச் தன் குழாயிலிருந்து அவருக்கும் காற்றுக் கொடுத்துக் கருவியைச் சரி செய்தார். சிகரம் கண்ணெதிரே நின்றது. மேலே போனால் தோழர் உயிரோடு திரும்ப மாட்டார் என்று கண்டு, பின்ச் இறங்கி விட்டார்.

கோட்டைப் பார்த்துச் சிரித்தவர்கள் அந்தப் பயணத்திலேயே அதைப் பொறாமையோடு பார்த்தார்கள். ஆனாலும் சொற்பொழிவு வருமானம் பற்றிய தகராறினால் 1924 கோஷ்டியில் அவருக்கு இடம் கிடைக்கவில்லை.

கை ஏன் வேண்டாம்?

பின்ச் அணிந்தது கையுள்ள கோட்டு. அமெரிக்காவில் எடி பாயர் என்ற வியாபாரி வாத்துத் தூவி அடைத்துத் தைத்த கோட்டுக்கு 1940-ல் காப்புரிமை பெற்றார். அந்த வழியில் கையில்லாத கோட்டும் பரவிற்று.

கையை வெட்டி விட்டால் குளிராதா? உடம்பின் நடுப்பகுதி குளிர்ந்தால், இருதயத்தையும் நுரையீரலையும் காப்பாற்ற, உடல் விரல்களுக்குப் போகும் ரத்தத்தைக் குறைத்துக் கொள்ளும். நெஞ்சு சூடாக இருந்தால் விரலுக்கும் ரத்தம் தாராளமாக ஓடும். கை வீசி நடக்கலாம், கயிறு பிடிக்கலாம், வண்டி ஓட்டலாம். வேலை செய்யும்போது பிறக்கும் அதிகச் சூடு அக்குள் வழியே வெளியேறுவதால் வியர்வையும் தேங்காது.

சில எச்சரிக்கைகளும் உண்டு. தூவி நனைந்தால் சுருண்டு விடும். அதில் காற்றுத் தங்காது. மழைக்காலத்துக்குச் செயற்கைப் பஞ்சு அடைத்ததே மேல். இறுக்கமாக அணிந்தாலும், பெட்டியில் அமுக்கி வைத்தாலும் பயன் குறையும். கடும் பனியில் கையுள்ள கோட்டுக்கு மாற்று இல்லை.

பூனாவில் ஐந்து ஆண்டுகள்

மலையில் கதவு அடைபட்டாலும் ஆராய்ச்சியில் பின்ச் உயர்ந்தார். 1938-ல் லண்டன் ராயல் சொசைட்டியின் அங்கத்தினரானார். 1952-ல் இந்திய சர்க்காரின் அழைப்பை ஏற்று, பூனாவில் உள்ள தேசிய ரசாயன ஆராய்ச்சிக் கூடத்தின் இயக்குநராக வந்தார். 1957 வரை அங்கே பணியாற்றினார்.

அவர் பூனாவில் இருந்தபோதுதான், 1953 மே 29-ல், டென்சிங்கும் ஹில்லாரியும் எவரெஸ்ட் உச்சியில் கால் வைத்தார்கள். அவர்கள் முதுகில் பிராணவாயுக் குப்பி இருந்தது. தூவி அடைத்த உடுப்பும் அந்தக் கோஷ்டியின் சாமான்களில் இருந்தது. முப்பத்தொரு ஆண்டுகளுக்கு முன் ஏளனம் செய்யப்பட்ட இரண்டுமே சிகரம் வரை துணை போயின!

1959-ல் லண்டன் ஆல்பைன் கிளப் அவரைத் தன் தலைவராக்கியது. ஒரு காலத்தில் அவரை ஒதுக்கி வைத்த பெரிய மனிதர்களின் கிளப் அது. 1970 நவம்பரில் பின்ச் காலமானார். பனிக் காற்றில் நெஞ்சுக்கு இதமாக ஒரு கோட்டை மாட்டிக் கொள்கிற எத்தனையோ பேருக்கு அவர் பெயர் தெரியாது. அவர் கண்ட உண்மை மட்டும் அந்தக் கோட்டின் ஒவ்வொரு தையலுக்குள்ளும் இருக்கிறது.