அணு கண்ட அறிஞர் டெமாக்ரிட்டஸ்

கண்ணுக்குப் புலனாகாத ஒன்றை அறிவால் காண இயலுமா? இயலும் எனத் துணிந்த கிரேக்கப் பேரறிஞர் டெமாக்ரிட்டஸ். ஈஜியன் கடலின் வடகரையில், திரேஸ் பகுதியைச் சேர்ந்த அப்தெரா நகரில் கி.மு. 460ஆம் ஆண்டளவில் அவர் பிறந்தார். தந்தை விட்டுச்சென்ற செல்வத்தை எகிப்து, பாரசீகம் முதலிய நாடுகளுக்குச் சென்று கற்பதிலேயே செலவிட்டார் என்பர்.

ஆசான் லூசிப்பஸ் வழிநின்று, உலகம் அணுக்களாலும் வெற்றிடத்தாலும் ஆனது என்றார். தேன் ஒருவருக்கு இனிக்கிறது, மற்றொருவருக்குக் கசக்கிறது. ஆகவே, சுவை பொருளின் இயல்பன்று; உருண்டையான அணுக்கள் நாவில் பட்டால் இனிப்பும், கூர்முனை அணுக்கள் பட்டால் புளிப்பும் தோன்றும் என விளக்கினார். ஐம்புலன்கள் தருவது மங்கிய அறிவு. சிந்தனை தருவதே மெய்யறிவு எனப் பகுத்தார்.

ஆயினும் அவர் பெருமை அத்துடன் முடியவில்லை. தம் கொள்கைக்கு எதிரான வழக்கைத் தாமே தொடுத்தார். தம்மிடமே சான்று பெற்றுத் தம்மையே பொய்யெனத் தள்ளும் அறிவு, தானும் வீழ்ந்துபடும் எனப் புலன்கள் இடித்துரைப்பதாக எழுதினார்.

அவருடைய நூல்கள் முழுமையாகக் கிடைக்கவில்லை. பிறர் எடுத்தாண்ட பகுதிகளே எஞ்சின. அவற்றுள் இவ்வழக்கும் அழியாமல் நின்றது நாம் பெற்ற பேறு. தம் கொள்கையின் இடர்ப்பாட்டைத் தாமே எடுத்துரைக்கும் நேர்மையன்றோ அறிஞர்க்கு அழகு!

மாணவத் தோழர்களே, அணுவைப் பற்றி இன்று எத்தனையோ கற்கிறோம். எனினும், ஆய்வுக்கூடத்தில் கருவி காட்டும் அளவைக் கண்கொண்டுதானே படிக்கிறோம்? டெமாக்ரிட்டஸ் தொடுத்த வழக்கு இன்னும் தீரவில்லை.