குஸ்தாவ் லெ கிரே

குஸ்தாவ் லெ கிரே (ஆகஸ்ட் 30, 1820 – ஜூலை 30, 1884) பிரான்ஸ் நாட்டைச் சேர்ந்த ஒளிப்படக் கலைஞரும் ஓவியரும் ஆவார். ஒளிப்படக்கலையின் முதல் தலைமுறையினருள் முதன்மையானவராக இவர் கருதப்படுகிறார். மெழுகுத்தாள் முறையை உருவாக்கியது, பல முன்னணிக் கலைஞர்களுக்கு ஆசிரியராக இருந்தது, கடலையும் வானத்தையும் தனித்தனியே படமெடுத்து ஒரே படமாக இணைத்தது ஆகியன இவரது முக்கியப் பங்களிப்புகள். இன்று கணினியில் அடுக்குகளைக் கொண்டு இரு படங்களை இணைக்கும் முறைக்கு இவரது கடற்காட்சிகள் முன்னோடிகளாகும்.

இளமைக்காலம்

லெ கிரே பாரிஸ் நகருக்கு வடக்கே உள்ள வில்லியே-லெ-பெல் என்னும் ஊரில் பிறந்தார். தொடக்கத்தில் சட்ட ஆவணங்கள் எழுதும் அலுவலகம் ஒன்றில் எழுத்தராகப் பணிபுரிந்த இவர், ஓவியத்தில் கொண்ட ஆர்வத்தால் அப்பணியை விட்டு, புகழ்பெற்ற ஓவியரான பால் தெலரோஷிடம் மாணவராகச் சேர்ந்தார். 1840களில் இத்தாலிக்குச் சென்று உரோம் நகரில் சில ஆண்டுகள் தங்கினார். அங்கு பல்மீரா லியோனார்தி என்பவரை மணந்தார். 1847 அளவில் பாரிஸ் திரும்பி, ஒளிப்படக்கலையில் முழுமையாக ஈடுபடத் தொடங்கினார். ஓவியத்தையும் அவர் கைவிட்டுவிடவில்லை.

மெழுகுத்தாள் முறை

அக்காலத்தில் நெகட்டிவ் எனப்படும் எதிர்ப்படங்கள் தாளிலும் எடுக்கப்பட்டன. தாளின் இழைகள் அச்சில் பதிந்து, படத்தின் நுண்விவரங்களை மங்கச் செய்தன. வேதிப்பொருட்களைத் தடவுவதற்கு முன்பே தாளில் மெழுகேற்றினால் இக்குறை பெரிதும் நீங்கும் என்று லெ கிரே கண்டறிந்தார். 1851 இல் வெளியிடப்பட்ட இம்முறையில் தாளைப் பல நாட்களுக்கு முன்னரே ஆயத்தம் செய்துகொள்ளலாம். படம் எடுத்தவுடனே உருத்துலக்க வேண்டிய தேவையும் இல்லை. ஆகவே பயணம் செய்யும் ஒளிப்படக் கலைஞர்களுக்கு இது மிகவும் ஏற்றதாக இருந்தது.

கண்ணாடித் தகட்டில் கொலோடியன் என்னும் பசையைப் பூசிப் படமெடுக்கலாம் என்ற கருத்தையும் 1850 இல் வெளியிட்ட தமது நூலில் லெ கிரே குறிப்பிட்டிருந்தார். எனினும் அம்முறையைச் செயல்முறை விளக்கத்துடன் 1851 இல் வெளியிட்டவர் இங்கிலாந்தைச் சேர்ந்த பிரெடரிக் ஸ்காட் ஆர்ச்சர் ஆவார்.

1851 இல் பிரான்ஸ் அரசின் வரலாற்றுச் சின்னங்கள் ஆணையம், நாட்டின் பழங்காலக் கட்டிடங்களைப் படமெடுக்க ஐந்து கலைஞர்களைத் தேர்ந்தெடுத்தது. லெ கிரே அவர்களுள் ஒருவர். இவரும் மெஸ்திரால் என்பவரும் இணைந்து நாட்டின் தென்மேற்குப் பகுதிகளுக்குச் சென்று படமெடுத்தனர். ஷார்ல் நெக்ர், ஆன்றி லெ செக், மாக்சிம் டு காம்ப் முதலியோர் லெ கிரேயிடம் ஒளிப்படக்கலை கற்றவர்கள்.

கடற்காட்சிகள்

லெ கிரேயின் பெயரை ஐரோப்பா முழுவதும் பரப்பியவை 1856 முதல் 1858 வரை நோர்மாண்டி, மத்தியதரைக் கடல், பிரெஸ்ட் துறைமுகம் ஆகிய இடங்களில் எடுத்த கடற்காட்சிகள் ஆகும். இவற்றுக்காக அவர் கண்ணாடித் தகட்டையே பயன்படுத்தினார்.

அந்நாளைய கொலோடியன் தகடு நீல ஒளியை மிகையாக ஏற்கும். பச்சை, சிவப்பு ஒளிகளுக்கு அநேகமாக இயங்காது. இதனால் நிலமும் நீரும் தெளிவாகப் பதியும் அளவு நேரம் ஒளி விழச் செய்தால், வானம் அளவுக்கு மீறிப் பதிந்து, அச்சில் வெறும் வெண்பரப்பாகத் தோன்றும். வானத்துக்கு ஏற்ப நேரத்தைக் குறைத்தால், கீழ்ப்பகுதி இருண்டுவிடும். கண் ஒரே பார்வையில் காணும் முகிலையும் அலையையும் தகடு ஒருசேரக் காணவில்லை. அக்காலத்து இயற்கைக் காட்சிப் படங்கள் பலவற்றில் முகில்கள் இல்லாமைக்கு இதுவே காரணம்.

முகில்களுக்குத் தனி எதிர்ப்படம் எடுத்து அச்சில் சேர்க்கலாம் என்ற யோசனையை 1852 இல் இப்போலித் பயார் முன்வைத்திருந்தார். அதனைப் பெரிய அளவில் கலையாக்கியவர் லெ கிரே. கடலுக்கு ஒன்று, வானத்துக்கு ஒன்று என இரு எதிர்ப்படங்களை அவர் எடுத்தார். அச்சிடும்போது முதலில் வானப் பகுதியை மறைத்து, கடலை மட்டும் ஒளியுணர் தாளில் பதித்தார். பின்னர் பதிந்த கடலை மறைத்து, வானத்தின் எதிர்ப்படத்தை அதே தாளின் மேற்பகுதியில் பதித்தார். இரண்டும் தொடுவானத்தில் சந்தித்தன. நேர்க்கோடாக அமையும் கடலின் தொடுவானம் இணைப்பை மறைக்க வசதியாக இருந்தது. மரங்களோ கட்டிடங்களோ குறுக்கிடும் காட்சியில் இது கடினம்.

1857 இல் செத் துறைமுகத்தில் எடுத்த 'பெரும் அலை' இவ்வகைப் படங்களுள் மிகவும் அறியப்பட்டது. அதனைக் கூர்ந்து நோக்கினால், முகில்கள் கடலைத் தொடும் இடத்தில் திடீரென வெட்டுண்டு நிற்பதைக் காணலாம். அதுவே இரு எதிர்ப்படங்களின் இணைப்பு.

ஒரே வானத்தை லெ கிரே வெவ்வேறு கடல்களுடனும் இணைத்துள்ளார். ஆகவே இவரது படங்களை ஒரு குறிப்பிட்ட நாளின், குறிப்பிட்ட கணத்தின் பதிவாகக் கொள்ள இயலாது. அதே வேளையில் எல்லாக் கடற்காட்சிகளும் இணைப்புப் படங்கள் அல்ல. 1856 இல் எடுத்து இலண்டனில் காட்சிக்கு வைக்கப்பட்டுப் பெரும் பாராட்டைப் பெற்ற பாய்மரக் கப்பல் படம், ஒரே எதிர்ப்படத்தில் அமைந்ததாகும். பகலில் எடுத்த அப்படம் நிலவொளிக் காட்சி போலத் தோற்றமளித்தது.

சமகாலத்தவருடன் ஒப்பீடு

இதே ஆண்டுகளில் இங்கிலாந்தில் ஆஸ்கார் ரெய்லாண்டர் முப்பதுக்கும் மேற்பட்ட எதிர்ப்படங்களை இணைத்து 'வாழ்வின் இரு வழிகள்' (1857) என்ற படத்தை உருவாக்கினார். ஹென்றி பீச் ராபின்சன் ஐந்து எதிர்ப்படங்களைக் கொண்டு, இறக்கும் தறுவாயில் உள்ள ஓர் இளம்பெண்ணின் காட்சியை 1858 இல் அமைத்தார். நடக்காத ஒன்றை நடந்ததுபோல் ஒளிப்படம் காட்டலாமா என்ற விவாதம் அப்போதே எழுந்தது. அவ்விருவரும் கதை சொல்வதற்காகப் படங்களை இணைத்தனர். லெ கிரேயோ, கண் கண்டும் தகடு காணாததை மீட்பதற்காக இணைத்தார். எனினும் ஒரே வானத்தை மீண்டும் மீண்டும் பயன்படுத்தியதால், அவ்விவாதத்திலிருந்து அவரும் முற்றிலும் விலகி நிற்கவில்லை.

இன்றைய அடுக்குமுறை

போட்டோஷாப் மென்பொருளில் அடுக்குகள் 1994 இல் அறிமுகமாயின. கிம்ப் போன்ற கட்டற்ற மென்பொருள்களிலும் இவ்வசதி உண்டு. கடற்படத்தைக் கீழடுக்கிலும் வானப்படத்தை மேலடுக்கிலும் வைத்து, மேலடுக்குக்கு ஒரு மறைப்பைச் சேர்ப்பது வழக்கம். மறைப்பில் கறுப்பாக உள்ள இடத்தில் மேலடுக்கு மறையும். வெள்ளையாக உள்ள இடத்தில் தெரியும். சாம்பல் நிறம் உள்ள இடத்தில் இரு படங்களும் கலக்கும். தொடுவானத்தில் கறுப்பிலிருந்து வெள்ளைக்குப் படிப்படியாக மாறும் நிறச்சரிவை இட்டால், வெட்டுக்கோடு தெரியாது.

லெ கிரே அச்சிடும்போது செய்த மறைத்தலும் இதுவும் கொள்கையளவில் ஒன்றே. அவரது முறையில் பிழை நேர்ந்தால் தாள் வீணாகும். அடுக்குமுறையில் மூலப்படம் சிதையாமல் திருத்தலாம். ஆனால் இரு படங்களிலும் ஒளி ஒரே திசையிலிருந்து விழ வேண்டும் என்ற நிபந்தனை அன்றும் இன்றும் மாறவில்லை. கதிரவன் இடப்புறம் உள்ள வானத்தை, அலைகளின் வலப்பக்கம் ஒளிரும் கடலோடு சேர்த்தால், இணைப்பு எவ்வளவு நேர்த்தியாயினும் படம் பொருந்தாது.

வீழ்ச்சியும் இறுதிக்காலமும்

லெ கிரேயின் ஒளிப்பட நிலையம் பாரிஸின் கப்புசீன் பெருஞ்சாலையில் 35ஆம் எண் கட்டிடத்தில் இயங்கியது. பிற்காலத்தில் நாடார் நிலையம் அமைத்ததும், 1874 இல் உணர்வுப்பதிவு ஓவியர்களின் முதல் கண்காட்சி நடைபெற்றதும் இதே கட்டிடத்தில்தான். 1857 இல் மூன்றாம் நெப்போலியனின் வேண்டுகோளுக்கிணங்க ஷாலோன் படை முகாமை லெ கிரே படமெடுத்தார். இத்தகைய புகழிருந்தும் வணிகம் நலிந்தது. சிறிய அட்டையில் மலிவாக உருவப்படம் எடுக்கும் வழக்கம் பரவியபோது, பெரிய அளவிலான, செலவு மிகுந்த அச்சுகளை உருவாக்கிய அவரால் போட்டியிட இயலவில்லை. 1860 இல் நிலையம் மூடப்பட்டது.

அவ்வாண்டிலேயே எழுத்தாளர் அலெக்சாண்டர் டூமாவின் கப்பலில், மனைவி மக்களைப் பிரான்சில் விட்டுவிட்டு, லெ கிரே புறப்பட்டார். சிசிலியின் பலெர்மோ நகரில் கரிபால்டியையும் போரில் இடிந்த தெருக்களையும் படமெடுத்தார். டூமாவுடன் ஏற்பட்ட பிணக்கால் மால்ட்டாவில் கப்பலை விட்டு நீங்கி, லெபனான் சென்று பால்பெக் இடிபாடுகளைப் படமெடுத்தார். 1861 இல் அலெக்சாந்திரியாவை அடைந்து, பின்னர் கெய்ரோவில் குடியேறி, ஓவிய ஆசிரியராகப் பணியாற்றினார். 1867 இல் பாரிஸ் உலகக் கண்காட்சிக்குத் தமது படங்களை அனுப்பினார். தாம் மட்டும் நாடு திரும்பவில்லை. 1884 இல் கெய்ரோவில் காலமானார்.

மறுமதிப்பீடு

இறப்புக்குப் பின் நீண்டகாலம் லெ கிரே பொதுமக்களால் மறக்கப்பட்டிருந்தார். 1999 இல் இலண்டனில் நடந்த ஏலத்தில் 'பெரும் அலை' படத்தின் அச்சு ஒன்று 5,07,500 பவுண்டுக்கு விற்கப்பட்டது. அதுவரை ஏலத்தில் ஓர் ஒளிப்படத்துக்குக் கிடைத்த விலைகளுள் இதுவே மிக உயர்ந்ததாகும். 2002 இல் பிரான்ஸ் தேசிய நூலகம் இவரது படைப்புகளைப் பெரும் கண்காட்சியாக வைத்தது. நலிந்த வணிகத்தில் எஞ்சிய அச்சுகள், இன்று உலகின் முதன்மையான அருங்காட்சியகங்களில் பாதுகாக்கப்படுகின்றன.