எச். ஏ. கிருஷ்ண பிள்ளை: இரட்சிப்பும் தேவாரமும்

கிறித்தவத் தமிழ் இலக்கிய வரலாறு எழுதுவோர் எச். ஏ. கிருஷ்ண பிள்ளையைக் கிறித்தவக் கம்பர் எனச் சுட்டுவது வழக்கம். இப்பட்டம் அவருடைய காப்பியப் புலமையை முன்னிறுத்துகிறது. அப்புலமையை இயக்கிய வழிபாட்டுணர்வு பின்னுக்குத் தள்ளப்படுகிறது. இறைவனின் உதவி முந்தியது, மனிதனின் பாட்டு அதற்கு எதிர்மொழியாகப் பிந்தியது என்னும் வரிசைமுறை அவர் வாழ்விலும் நூலிலும் ஒருங்கே புலப்படுகின்றது.

திருநெல்வேலியை அடுத்த கரையிருப்பில், 1827 ஏப்ரல் 23இல், வைணவ வேளாளர் குடும்பத்தில் பிறந்தவர் கிருஷ்ண பிள்ளை. தந்தை சங்கர நாராயண பிள்ளை. தாய் தெய்வநாயகி அம்மாள். கம்பராமாயணப் பயிற்சி வீட்டிலேயே வாய்த்தது. தன் முயற்சியால் ஆகாததை அருளிடம் ஒப்படைக்கும் சரணாகதி நெறி வைணவத்தின் உயிர்நாடி. பிற்காலத்தில் அவர் தழுவிய சமயத்தின் மையக் கருத்து அவருக்கு முற்றிலும் அயலானதாக இருந்திராது என்று கருத இது இடந்தருகிறது.

1853இல் சாயர்புரத்தில் தமிழாசிரியரானார். கிறித்தவ நிறுவனத்தில் பணி ஏற்றபோதும் அச்சமயத்தின்பால் அவர் மனம் உடனே சாயவில்லை. தம்பி முத்தையா பிள்ளை அவருக்கு முன்னரே கிறித்தவரானார். கிருஷ்ண பிள்ளை 1858இல் சென்னை மயிலாப்பூர்த் தூய தோமா ஆலயத்தில் திருமுழுக்குப் பெற்று ஹென்றி ஆல்பிரட் என்னும் பெயரை ஏற்றார். சென்னையில் தினவர்த்தமானி இதழிலும் மாநிலக் கல்லூரியிலும் பணியாற்றியபின் தென்பகுதிக்குத் திரும்பி ஆசிரியப் பணியைத் தொடர்ந்தார்.

இரட்சணிய யாத்திரிகம் நூலாக வெளிவந்தது 1894இல். திருமுழுக்குக்கும் இதற்கும் இடையே 36 ஆண்டுகள். மதம் மாறியவரின் புதுவேகத்தில் பிறந்த நூலன்று இது. நெடுங்காலம் உள்ளத்தில் ஊறிய நன்றியுணர்வின் விளைவு. மூலநூல் ஜான் பனியன் 1678இல் வெளியிட்ட ஆங்கில உரைநடைக் கதை. அதில் யாத்திரிகன் முதுகிலிருந்த பாவச்சுமை சிலுவையடியில் தானே கழன்று விழுகிறது. அவன் கை அதில் படவில்லை. சுமை விழுந்த பின்னரே அவன் துள்ளுகிறான், பாடுகிறான்.

இக்குறிப்பைக் கிருஷ்ண பிள்ளை பற்றிக்கொண்டார். 3,766 பாடல்கள் கொண்ட காப்பியத்தில் 144 இசைப்பாடல்களைத் தேவாரம் என்னும் பெயரால் இடையிடையே அமைத்தார். வைணவராகப் பிறந்தவர் சைவப் பெயரைத் தெரிந்தெடுத்தது நோக்கத்தக்கது. இறைவனை இசையால் எதிர்கொண்ட அடியாரின் குரலுக்குத் தமிழில் அதனினும் தெளிவான பெயர் இல்லை போலும்.

ஆயினும் வேறுபாடு ஒன்றுண்டு. சூலைநோயின் கடுமையிலேயே அப்பர் தம் முதற்பதிகத்தைப் பாடினார்; பாடலின்பின் நோய் தீர்ந்தது என்பது சைவ மரபு. அங்கே பாட்டு வேண்டுதலாகி, உதவி அதனைத் தொடர்கிறது. கிருஷ்ண பிள்ளையின் தேவாரங்களிலும் இரங்கி வேண்டுவன பல உள. அவ்வாறாயின் உதவியே முந்தியது என்னும் கருத்து நிற்குமா என வினவலாம். நிற்கும். அவர் வேண்டுதல்கள் சிலுவையில் முன்பே நிகழ்ந்து முடிந்ததாக அவர் நம்பிய ஓர் உதவியைச் சான்றாகக் காட்டியே எழுகின்றன. பெற்றவன் மீண்டும் கேட்கும் உரிமை அவற்றின் தொனியில் உண்டு.

இத்தேவாரங்கள் கதையோட்டத்தைத் தடுக்கின்றன என்று குறை கூற இடமுண்டு. கதையை மட்டும் தேடுவார்க்கு அது பொருந்தும். மீட்கப்பட்டவன் நின்று வணங்காமல் அடுத்த படலத்துக்கு விரைந்தால் காப்பியத்தின் பெயரிலுள்ள இரட்சணியம் வெறும் நிகழ்ச்சியாகிவிடும். காப்பியக் கதையை அறியாதாரும் அவர் பாடல்கள் சிலவற்றை இன்றும் தேவாலயங்களில் பாடுகின்றனர்.

1898இல் சமய விளக்க நூலாகிய இரட்சணிய சமய நிர்ணயமும், 1899இல் இரட்சணிய மனோகரமும் வெளிவந்தன. மூன்று நூற்பெயர்களும் ஒரே சொல்லில் தொடங்குகின்றன. இறுதி நூலில் கதை இல்லை, பக்திப் பாடல்களே உள்ளன. அதற்கு அடுத்த ஆண்டு, 1900 பிப்ரவரி 3இல், கிருஷ்ண பிள்ளை மறைந்தார்.